பதினாறு மில்லிமீட்டர்

வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஏழடிச் சந்து.
அதற்குள் முதுகு ஒட்ட நின்று
முழு வீட்டையும் எடுக்க
பதினாறு மில்லிமீட்டர் லென்சால்தான் முடியும்.
எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்,
கூலியாகக் கொஞ்சம் வளைத்துவிட்டு.

நித்திரவிளை ஸ்டுடியோவில் படத்தைத் திறந்தேன்.
பூத்துறை வீடு பீப்பாயாய் உப்பியிருந்தது.
ஓட்டு வரிசை வில்.
வாசல்நிலை, சோறு அடைத்த கன்னம்.
ஓரத்தில் நின்ற மெற்றில்டாவுக்கு
ஒரு தோள் ஒன்றரைத் தோளாகியிருந்தது.

லென்சின் பெயரைத் தேடி ஒரு டிக்.
இந்தக் கண்ணாடி எங்கே, எவ்வளவு பொய் சொல்லும் என்று
எவரோ கட்டம் கட்டமாய் அளந்து வைத்திருக்கிறார்கள்.
வந்த வழியே திரும்பிப் போனது பொய்.
ஓடுகள் கோடாயின. தோள் தோளாயிற்று.
மூலையில் கொஞ்சம் கடல் வெட்டுப்பட்டது;
அதைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
பழகிய கை, பக்கத்திலிருந்த
'நிமிர்த்து' பொத்தானையும் அமுக்கிவிட்டது.
கல்யாண மண்டபம், குருசடி, புதுவீட்டுத் தூண்,
தினமும் எத்தனையை நிமிர்த்துகிறேன்!
கடல்பக்கச் சுவரும் சட்டென்று நிமிர்ந்தது.

அச்சிட்டுக் கொடுத்தேன். மனுவோடு போயிற்று.
"செவரு நல்லாத்தானே நிக்கி" என்றாராம் ஆபீசர்.

மெற்றில்டா நேராகக் கடைக்கு வந்தாள்.
"கொள்ளாம் மக்கா.
ரெண்டு வருசமாட்டு கடலு சரிச்ச செவர
ஒத்த ராத்திரில நிமித்திட்டியே.
வா, வீட்டையும் வந்து நிமித்தித் தா."

சுவர் என்றால் நேராய் நிற்கும் என்று
மென்பொருளுக்கு ஒரு விசுவாசம்.
அது பூத்துறைக்கு வந்ததில்லை.

பொத்தானை விலக்கினேன். சுவர் மறுபடி சாய்ந்தது.
கேமராவைத்தான் சரித்துப் பிடித்தாய் என்று சொன்னால்
என்ன காட்டுவேன்?

கொத்தனார் ததேயுசிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி
கடலோர இறவாரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம்.
காற்று விடவில்லை, குண்டு ஊஞ்சலாடியது.
மெற்றில்டாவின் மகன் பிறிட்டோ
ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து
குண்டை அதற்குள் முக்கினான்.
நின்றது.

மறுபடி ஏழடி. மறுபடி பதினாறு.
லென்சின் வளைவை மட்டும் கழற்றினேன்.
நூல் செங்குத்தாகும்வரை படத்தைத் திருப்பினேன்.
சுவரைத் தொடவேயில்லை.

மேலே நூலும் சுவரும் ஒட்டியிருந்தன.
கீழே இரண்டுக்கும் நடுவே
பதினோரு அங்குலம்.

மனுவின் தலைப்பு 'தூண்டில் வளைவு வேண்டி'.
நாளெல்லாம் வளைவை எடுக்கிறவன்
வளைவு கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

குண்டைக் கேட்டு ததேயுஸ் இருமுறை போன் செய்துவிட்டார்.
அவிழ்க்க மெற்றில்டாவுக்கு மனசில்லை.
பக்கெட்டில் மணல் ஊறிக் கிடக்கிறதாம்.
நேற்று பிறிட்டோ ஸ்கேல் வைத்துப் பார்த்தானாம்.

பதினொன்றேகால்.