குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி

ஐம்பத்திரண்டு ஜனவரி. கொடைக்கானல்.
பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்
திரைக்குப் பின்னால் அடுக்கினோம், ஆளுக்கொரு பெட்டி:
மாடு ஒட்டியது, குடிசை ஒட்டியது, மரம், கதிர்.
எனக்கு மைப்புட்டி.
பெரியகுளம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நான்,
மச்சினனின் ஸ்வெட்டருக்குள் இரண்டு சட்டை.
வெளியே புல்லில் உறைபனி
உப்பு மூட்டை அவிழ்ந்ததுபோல் கிடந்தது.

ஒன்பது மணிக்கு வந்தார் லாஸ்கம் துரை.
பாம்பார்புரத்தில் பேரிக்காய் மரங்களோடு
ஆறு வருஷமாய் இருப்பவர்.
கம்பளிக் கையுறை, ஒரு கையில் மட்டும்.
பட்டியலில் பார்த்தேன். பெயர் இல்லை.
இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.
"பார்க்கத்தான் வந்தேன்" என்றார் தமிழில்.
நர்ஸாக இருந்த தங்கையிடம் கற்ற தமிழ்,
வலி எங்கே என்று கேட்கிற தமிழ்.

"இருபத்தோரு வருஷம் பார்லிமெண்டில் இருந்தேன்."
எழுந்து நின்றேன். பழக்கம்.
பிறகு, ஏன் எழுந்தேன் என்று உட்கார்ந்தேன்.

வெதர்கோட் என்றொரு ஊராம். நூல் மில்கள்.
முதல் தடவை அறுபத்தொரு வாக்கில் ஜெயித்தது,
கடைசித் தடவை இருநூற்றுப் பதினான்கில் தோற்றது.
"மழை" என்றார்.
தோற்றவர்கள் எல்லா ஊரிலும் மழையைத்தான் சொல்வார்கள்
என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவர்கள் சபையில் சீட்டு இல்லை, பெட்டி இல்லை.
மணி அடிக்கும். ஆறு நிமிஷம்.
ஆம் என்பவருக்கு ஒரு நடை, இல்லை என்பவருக்கு மறு நடை.
காலால் போடுகிற ஓட்டு.
முப்பத்தைந்தில் ஒரு ராத்திரி
நூலகத்து நாற்காலியில் தூங்கிப்போய்,
மணிக்கு விழித்து,
தெரிந்த முதுகுகளின் பின்னால் நடந்தாராம்.
எந்த மசோதா, எந்த ஷரத்து, கேட்கவில்லை.
காலையில் முட்டை உடைக்கும்போது பேப்பரில் படித்தார்:
இந்தியாவில் யாருக்கு ஓட்டு,
எவ்வளவு வரி கட்டினால், எத்தனை வகுப்பு படித்தால்.

"முட்டையைச் சாப்பிட்டீர்களா?"
ஏன் அதைக் கேட்டேனோ.
வெகுநேரம் யோசித்தார்.
"சாப்பிட்டேன்."

"வழியில நின்னா எப்படி?
போட்டாப் போடுங்க, இல்லாட்டி நகருங்க."
பூம்பாறை சிலம்பாயி.
இருட்டோடு கிளம்பி நடந்து வந்தவள்.
துரை நகர்ந்தார்,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தார்.
பூண்டு உரித்து உரித்து
அவள் நகமே பூண்டுத்தோலாய் ஆகியிருந்தது.
மை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை வைத்தேன்.
சீட்டோடு திரைக்குள் போனவள்
வெகுநேரம் வரவில்லை.
யோசிக்கிறாளா, பெட்டிகளைத் தொட்டுப் பார்க்கிறாளா,
யாரும் போய்க் கேட்க முடியாது.
துரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
எங்கேயோ மணி அடிக்கப்போகிறதுபோல்.

வெளியே வந்தவள் ஒருவரையும் பார்க்கவில்லை.
சந்தைக்கு நேரமாகிறதென்று போனாள்.

ஐந்து மணிக்கு அவர் மறுபடியும் வந்தார்.
"எத்தனை?"
சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்:
அறுநூற்றெண்பத்தெட்டில் நானூற்றுப் பன்னிரண்டு.
வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.
"மழையும் இல்லை" என்றார்.
கை நீட்டினார், கையுறை இல்லாத கையை.
நாளெல்லாம் மையில் கிடந்த என் விரல்கள்.
நான் தயங்கினேன்.
அவர் தயங்கவில்லை.

அரக்கு உருக்கிப் பெட்டிகளுக்கு முத்திரை வைத்தோம்.
அரிக்கேன் வெளிச்சத்தில் தலைமை அதிகாரி
கடைசிப் படிவத்தை நிரப்பினார்.
"குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஏதும்?"
அறைக்குள் இன்னும் பூண்டு வாசம்.
"இல்லை" என்றேன்.
மைப்புட்டியில் கால்வாசி மிச்சம்.
அதை எழுதிக்கொண்டோம்.