தொகுதி 90, பக்கம் 211

வருஷத்துக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு.
தணிக்கைக்காரர் எண்ணை வாசிப்பார்,
நான் முதுகைத் தொட்டு "இருக்கு" என்பேன்.

தொற்றுநோய் ஆய்விதழ், தொகுதி ஒன்று.
இருக்கு.
எங்கள் கல்லூரியைவிட மூத்தது.
யாரோ ஒரு சிவில் சர்ஜன் இறந்தபின்
அஸ்தம்பட்டியிலிருந்து டெம்போவில் வந்தது.
தொட்டால் அப்பளம்.
எலிகளைத் தெருவாரியாக எண்ணியிருக்கிறார்கள்,
செத்தவர்களைச் சாதிவாரியாக.

பதினான்கு, காலரா. இருக்கு.
ஐம்பத்தெட்டு, பெரியம்மை. இருக்கு.
பெரியம்மை அதோடு சரி. ஒரு தலையங்கம்,
ஜெயித்தவர் தொனியில்.
அடுத்த இதழிலேயே வேறொரு காய்ச்சல்.

தொண்ணூறு.
விரல் முதுகில் நின்றது, வாய் சொல்லவில்லை.
அவர் வாங்கிப் பிரித்தார்.
210. அப்புறம் 213.
"எலியா?" என்றார்.
எலி இவ்வளவு நேராகத் தின்னாது, சார்.

அங்கே இருந்தது ஏழாவது நோயாளி.
பெண், 34, காப்பித் தோட்டக் கூலி,
சேர்வராயன் மலை,
வந்து சேர்ந்தது காய்ச்சலின் பதினோராம் நாள்.
படம் மூன்று: இடது காரை எலும்பின்மேல்
பீடியால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு,
பக்கத்தில் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல்.
புதரிலிருந்து ஏறும் சிற்றுண்ணி கடித்த இடம்.
அட்டவணையில் பெயருக்குக் கட்டம் கிடையாது.
முடிவுக்கு உண்டு. அதில் ஒரு குத்துவாள் குறி.

நாகலூரிலிருந்து அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
முதல் பஸ்ஸில், இருபது வளைவும் நின்றுகொண்டே.
"புத்தகத்துல போடறோம், கைநாட்டு வையின்னாங்க.
போட்டாங்களா?"
கைநாட்டு வைத்துப் பதினோரு வருஷம்.
அவர் பெயர் சடையன். வருகைப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன்.

தேட ஒரு மணிநேரம் ஆயிற்று.
இங்கிலீஷ் அவருக்கு எறும்பு வரிசை,
பொருக்கும் அடையாளம் தெரியவில்லை.
படத்தின் ஓரத்தில் மஞ்சள் கயிறு கொஞ்சம் தெரிந்தது, முடிச்சோடு.
"மூணாவது முடிச்சு எங்கக்கா போட்டது" என்றார்.
பிறகு, "நல்லாயி" என்றார்.
வாசிப்பறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

வேறு போட்டோ இல்லையாம்.
ரேஷன் கார்டில் இருந்ததும் மங்கிவிட்டதாம்.
ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன்:
பொருக்கு, கழுத்து, கயிறு,
எல்லாம் ஒரே ராத்திரி.
"உட்காருங்க, டீ குடிச்சிட்டு வரேன்" என்று
கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.
நான் டீ குடிப்பதில்லை.

திரும்பியபோது நாற்காலி மேஜையோடு ஒட்டித் தள்ளியிருந்தது.
கவாத்துக் கத்தி வேலை.
அடியில் இரண்டு விரற்கடை விட்டு,
சாய்வாக,
காப்பிச் செடியில் விடுவார்களே
துளிர்ப்பதற்கு, அப்படி.

இதையெல்லாம் தணிக்கைக்காரரிடம் சொல்லவில்லை.
இதை மட்டும் சொன்னேன்:
காய்ச்சல் வார்டில் இப்போது
பயிற்சி டாக்டர் பிள்ளைகள்
கேட்காமலே காலரை விலக்கிப் பார்க்கிறார்கள்,
அக்குளில், முழங்கால் மடிப்பில்.
ஒருத்தரும் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.
அவர் பேனா மூடியைக் கடித்தார்.

படிவத்தில் மூன்று கட்டம்:
சிதைவு, தொலைவு, இரவல்.
இரவலில் டிக் அடித்தேன்.
திரும்ப வரும் தேதி என்ற இடத்தில்
ஒரு கோடு.
விலை என் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றார்,
பிடிக்கட்டும் என்றேன்.

தொண்ணூற்றொன்று. இருக்கு.
தொண்ணூற்றிரண்டு, மூன்று, அப்படியே நூறு வரை.
ஜன்னலில் மேக்னசைட் வெள்ளை மங்கியது.

நூற்றொன்று.
அந்த வருஷத்து இதழ், செங்கல் கனம்.
நான் கை நீட்டுமுன் அவரே எடுத்தார்.
"எங்க அண்ணன்" என்றார்.
எந்த ஆய்வு, எந்த அட்டவணை, எத்தனையாவது எண்,
தெரியாமல் கொஞ்ச நேரம் புரட்டினார்.
வரைபடங்கள் மலை மலையாக ஏறி இறங்கின.

மூடினார்.
முதுகை ஒருமுறை தடவி,
நான் சொல்ல வேண்டியதை அவரே சொன்னார்:
"இருக்கு."