மை தீர்ந்த இடம்

புயலுக்குப் பின் ஒன்பதாம் இரவு.
மஞ்சக்குப்பம் மின்வாரிய அலுவலகத்தில்
பகலெல்லாம் புகார்ப் பதிவேடு எழுதுகிறவன் நான்:
வண்டிப்பாளையம், கம்பம் சாய்ந்துவிட்டது, மின்சாரம் இல்லை.
தேவனாம்பட்டினம், மின்சாரம் இல்லை.
கரையேறவிட்டகுப்பம், மேற்படி.
என் வீட்டுப் புகாரையும் நானே எழுதி
நானே எண் போட்டேன்: நானூற்றுப் பதினேழு.

பத்து ரூபாய் மெழுகுவர்த்தி முப்பதுக்கு விற்றது.
இருந்த ஒன்று அடுக்களைக்குப் போனது.
வேரோடு விழுந்த பலாவின் பால்வாடை
தெருவெல்லாம்.

கடவுளோடு எனக்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது.
பாடலீஸ்வரர் தேர் போகும்போது
செருப்பைக் கழற்றுவேன், அவ்வளவுதான்.

அன்று இருட்டில் தாளை எடுத்தேன்.
'கெடிலத்தில் ஒரு கதவு மிதந்து போனது'
முதல் வரி நான் எழுதியது.
அதற்கப்புறம் கை போயிற்று,
கூடவே போனேன்.
தாளின் ஓரத்தை விரலால் தடவி
ஏர்மாட்டைத் திருப்புவதுபோல் திருப்பினேன்.
"சோறு ஆறுது" என்று தையல்நாயகி
இரண்டு தரம் கூப்பிட்டாளாம்.
"இதோ" என்றுகூடச் சொன்னேனாம்.
முதுகில் கொசுத் தடிப்புகள் பதினொன்று,
அவள்தான் எண்ணினாள்.

விடிந்து பார்த்தால்
கதவு 'மிதந்து' வரைக்கும் இருந்தது.
அங்கே ரீஃபில் தீர்ந்திருக்கிறது.
மிச்சம் நாலு தாளும் வெள்ளை.

ஆத்திரம்தான் முதலில் வந்தது.
ஆபீஸ் பேனாவைத் திட்டினேன்.
பிறகு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்:
உழுதுபோட்ட கொல்லை.
ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வரிகள்,
சில இடத்தில் தாளே கிழிந்து.

காசின்மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பாளே, அப்படி
மகள் நறுமுகை பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள்.
கறுப்புக்குள் வெள்ளையாய் எழுந்தன
உப்பு. அவன். இன்னும்.
"போதும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஏன் என்றாள்.
சொல்லத் தெரியவில்லை.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய ஒருவர்
அந்தக் கல்லிலேயே மிதந்து
கரையேறிய மண் இது என்பார்கள்.
எனக்கு ஒரு சந்தேகம் உண்டு:
ஏறிய பிறகு
அந்தக் கல்லை என்ன செய்திருப்பார்?

பன்னிரண்டாம் நாள் அந்தியில்
தெரு மொத்தமும் ஒரே குரலாய்க் கத்தியது:
"வந்துடுச்சு!"
விளக்கடியில் உட்கார்ந்தேன், புது ரீஃபிலோடு.
மின்விசிறி வேறு சுற்றியது.
ஒரு வரியும் வரவில்லை.

பதிவேட்டில் நானூற்றுப் பதினேழுக்கு நேரே
'சரிசெய்யப்பட்டது' என்று எழுத வேண்டும்.
எல்லா எண்ணுக்கும் எழுதியாயிற்று.
அதற்கு மட்டும் இன்னும் இல்லை.