ஒன்பதாவது கேள்வி

பெகு ஆஸ்பத்திரி. படிவத்தில் ஒன்பது கேள்விகள்.
எல்லாவற்றுக்கும் நான்கே கட்டம்:
ஒருநாளும் இல்லை, சில நாள், பாதி நாள், தினமும்.

நோ ஏமூ பர்மியத்தில் வாசிக்கிறாள்.
அவளுக்கு அது பள்ளிக்கூடத்து மொழி,
எனக்குக் கடைத்தெரு மொழி.
தூங்குகிறீர்களா, மமா?
காய்ச்சல் வராத ராத்திரிகளில், என்றேன்.
அது எந்தக் கட்டம்?
பேனா கொஞ்சம் தயங்கி, சில நாளில் விழுந்தது.

அட்டையில் என் பெயர் மா ஸின் மே.
அர்ச்சனைக்கு வடிவாம்பாள்.
பதினொரு வருஷமாய் இடது கால் எனக்கு முன்னால் போகிறது.
பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில்
முதலில் அது நுழைந்தது,
நான் காப்பியோடு பின்னால்.

தையல் மெஷினை வலது காலால் மட்டும் மிதிக்கிறேன்.
தெருவில் எல்லோர் தமேனுக்கும் ஓரம் அடிப்பவள் நான்தான்.
என்னுடையதற்கு மட்டும் தரை வரை துணி.
அதற்கும் கீழே மறைக்க
தரையைத்தான் வெட்ட வேண்டும்.

பங்குனிப் பூமிதிக்குக் காப்புக் கட்டக் கேட்டேன்.
பூசாரி வேண்டாம் என்று சொல்லவில்லை.
கால் தாங்குமா தாயி, என்றார்.
நெருப்பைச் சொன்னாரா, கூட்டத்தைச் சொன்னாரா?
எல்லோரும் போன பிறகு குழிக்குள் இறங்கி
சாம்பலில் நின்றேன்.
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

ஒன்பதாவது.
செத்துப்போனால் தேவலை என்று எப்போதாவது...
இல்லை, என்றேன், அவள் முடிப்பதற்குள்.
ஒருநாளும்?
ஒருநாளும்.

கேட் வரை எண்பது தப்படி.
சைக்காக்காரன் சீட்டைத் தட்டிவிட்டு நின்றான்.
காலைத் தூக்கி வைத்தேன்.
இறக்கினேன்.
திரும்பி நடந்தேன்.

நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார்.
இருக்கட்டும்.
அந்தக் கடைசியை மாற்று, என்றேன். பாதி நாள்.
சாக வேண்டும் என்றுகூட இல்லை,
இல்லாமல் இருந்தால் போதும் என்று.
அதற்குப் பர்மியச் சொல் கிடைக்காமல்
தமிழிலேயே சொன்னேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
கேட்டு முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்திருந்தாள்.

மையை அழிக்க முடியாது.
அடித்து, பக்கத்தில் எழுதி,
கணக்குப்பிள்ளை மாதிரி சின்னக் கையெழுத்தும் போட்டாள்.
பிறகு பேசின், சோப்பு.
விரலிடுக்கு ஒவ்வொன்றாய்க் கழுவித் துடைக்கும்போது
அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்,
தன் காலைத் துடைப்பவள் போல.
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.
வியாழக்கிழமை வாங்க, மமா. இன்னும் சிலர் வருவார்கள்.

வியாழக்கிழமை.
விரைவீக்கத்தால் சைக்கிளை விட்ட தபால்காரர் ஊ தௌங் ஞுன்
கடைசிவரை நின்றபடியே பேசினார்.
மீன் விற்கும் செபஸ்தியம்மாள்
கூச்சமில்லாமல் முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள்,
இரண்டு காலும்.
என்னுடையதைவிடப் பெரிது.
ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அந்த அசிங்கத்தையும் சொல்லிவிட்டேன்.
முதலில் சிரித்தவள் அவள்தான்.

ராத்திரி காய்ச்சல் வந்தது.
இந்த நாள் எந்தக் கட்டம் என்று
யோசித்துக்கொண்டே கிடந்தேன்.
விடியக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.