தாகத்துக்கு ஒற்றைத் த

தோலோரம் சீவும் மெஷினைப் பூட்ட
இத்தாலிக்காரன் வரப்போகிறான்,
ஆளுக்கு ஐம்பது சொல்லாவது தெரிந்திருக்கட்டும் என்று
பேரணாம்பட்டு கம்பெனியில் நோட்டு கொடுத்தார்கள்.
குடியாத்தம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி படித்தேன்.

சுலபம்தான் என்றாள் ஷாகிரா.
சொல்லெல்லாம் உயிரில் முடிகிறது,
பஸ்ஸு பேக்கு லைட்டு என்று நாம் முடிப்பதுபோல.
நான் என்று சொல்லவே வேண்டாம்,
லவோரோ என்றால் போதும்,
'வேலை செய்றேன்' என்பதன் வாலில்
நான் இருக்கிறேன் அல்லவா, அப்படி.
ஹெச் வாயே திறக்காது.
ஆனால் சி-க்கும் இ-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தால்
ச-வைக் க-வாக்கிவிடும்.
ஜி-யும் என்-னும் சேர்ந்தால் நம் ஞ.
ஞாயிறு ஓவர்டைம் நோட்டில் மட்டும்
நாங்கள் எழுதுகிற ஞ.

இடறியது திணையில்தான்.
நமக்கு எல்லாமே அது.
அவர்களுக்கு ஊசி ஆண், நூல் ஆண், கத்தியும் ஆண்.
தோல் பெண், செருப்பு பெண், மெஷினும் பெண்.
ஓ-வில் முடிந்தால் ஆண் என்று
ஒருவழியாய் மனப்பாடம் செய்தபோது
மானோ வந்தது.
கை.
ஓ-வில் முடிந்தும் பெண்.
தேவகிருபை தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
விரலிடுக்கில் சொல்யூஷன் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

வந்தான். பெயர் தார்ச்சீஸியோ.
மத்தியானம் கேன் தண்ணீர் தீர்ந்திருந்தது.
'ஒ சேத்தெ' என்றேன், தாகமாயிருக்கிறது என்று.
(எனக்குத் தாகம் என்பதில்லை அவர்களிடம்,
வீடுவாசல்போல் தாகத்தையும் வைத்திருக்கிறார்கள்.)
அவன் என் மேஜையிலிருந்த தோல்களை எண்ணினான்.
ஐந்து.
இன்னும் இரண்டு எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

நோட்டைப் புரட்டினேன்.
ஒற்றைத் த நடுவில் வந்தால் நம் வாயில் இளகிவிடுகிறது.
சேதெ. அப்போது அது இருக்கை.
இரட்டித்தால் ஏழு.
இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது தாகம்,
அதை எழுத என் எழுத்தில் வழியில்லை.
எழுந்துபோய்த் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

சாயங்காலம் கடைசிப் பாடம், களைப்பு.
பெண்கள் களைத்தால் ஸ்தாங்க்கெ.
நாற்பது பெண்களோடு ஓர் ஆண் களைத்தாலும்
ஸ்தாங்க்கி, எல்லாரும் ஆண்கள்.
கமாலுத்தீன் மேஸ்திரி
நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.
அவர் டீ குடிக்கப் போகட்டும் என்று
நாக்கு நுனியில் அந்த எ-வை வைத்துக்கொண்டு
தைத்துக்கொண்டிருந்தோம்.