நன்றியுரைக்கான குறிப்புகள்

தாராபுரம், வணிகர் சங்க மாடி.
ஐப்பசி ஞாயிறு, மாலை நாலேகால்.
வாடகைக்கு எடுத்த நாற்காலி நூற்றிருபது,
நிறைந்தவை நாற்பத்தொன்று.
அதில் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
நான் பொருளாளன். கடைசியில் நன்றி சொல்ல வேண்டும்.
பஞ்சு மண்டி ரசீதின் முதுகில்
குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

முனைவர் பூவாத்தாள்
தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.
மூவேந்தருக்கும் இது ஓரச்சாரம், என்றார்.
படைகள் இதன் வழியாகப் போயின;
தங்கியது தூசிதான்.
கணவாய்க் காற்றோடு உள்ளே வந்தவர்களை
ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்:
உப்பு ஏற்றிய பொதிமாடு, குதிரை, வரிப்புத்தகம்,
சங்கிலி பிடித்த நில அளவைக்காரன்.
எல்லை என்பது கோடு இல்லை,
நாலு பக்கமும் கதவு வைத்த வீடு;
அதில் உறங்குகிறவன்
ஒரு கண்ணை மூடமாட்டான்.
(ஒரு கண். நல்ல உவமை. பாராட்டவும்.)

பிறகு கிணற்றுக்குள் இறங்கினார்.
அறுபது அடி. அத்தனையும் பாறை.
இருக்கிற ஆறு எல்லாக் காட்டுக்கும் எட்டாததால்
ஆளுக்கொரு ஆற்றை
நெட்டுக்குத்தாகத் தோண்டிக்கொண்டார்கள்.
எருது பின்னோக்கி ஏறும், முன்னோக்கி இறங்கும்,
நாளெல்லாம் நடந்தும் ஊர் போய்ச் சேராது.
"அந்த இறைப்புக்குக்
கவலை என்று பேர் வைத்தவர்கள் நாம்."
சபை முதல் தடவையாகச் சிரித்தது.

அடுத்த படம்: மலையிலிருந்து இறங்கும் மின்கம்பி.
பைக்காரா. மோட்டார். பருத்தி. ஆலை.
சங்கு ஊதி எழுந்த ஊர்கள்.
எருதை அவிழ்த்துவிட்ட நாளில்தான்
இங்கே நவீனம் பிறந்தது, என்றார்.
ஜன்னலுக்கு வெளியே, மழைக்கு அப்பால்,
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் நின்றிருந்தது.

கேள்வி நேரம்.
முதல் கேள்வி கேள்வியே இல்லை,
தன் குலத்தின் பெருமை; எட்டு நிமிடம்.
இரண்டாவது, கடைசி வரிசையிலிருந்து.
மின்வாரியச் சட்டை, தோளெல்லாம் ஈரம்.
நாகமணி, கம்பியாளர், மூலனூர்ப் பக்கம்.

"ஏனுங், ஒண்ணே ஒண்ணு.
அந்தச் சாலுக்குத் தோல்வால் தெச்சவங்க எங்காளுங்க.
நாங்க தெச்ச தோலுல ஏறுன தண்ணி
காடு பூராப் பாஞ்சுது.
நாங்க தொட்டாக் கொடத்துத் தண்ணி மட்டும் கெட்டுதுங்.
கம்பி எந்த வருசம் வந்துதுன்னு
எழுதி வெச்சிருக்கறீங்க.
டீக்கடையில அந்த ரெண்டாவது டம்ளர்
எந்த வருசம் போச்சுன்னு
எழுதி வெச்சிருக்கறீங்களா?"

மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் கேட்டது.
பூவாத்தாள் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.
"கம்பிக்குக் கோப்பு இருக்கிறது.
டம்ளருக்கு இல்லை.
கோப்பு இல்லாததால்
அது தானாகவே போய்விட்டது என்று எழுதிவிட்டேன்.
மூன்றாம் அத்தியாயம். தவறு.
நீங்கள் சொல்லுங்கள், இப்போதே எழுதிக்கொள்கிறேன்."

"டூட்டிங்கம்மா. எங்கியோ லைன் அறுந்து கெடக்குது,"
என்று எழுந்து போனார் அவர்.
படிக்கட்டில் ஈரச் செருப்பின் சத்தம்
கீழே போய்ச் சேரும்வரை
யாரும் மூன்றாவது கேள்வி கேட்கவில்லை.

என் சீட்டில் இருந்தவை:
தலைவர், மண்டிக்காரர், ஒலிபெருக்கி,
தேநீர், காகிதக் கோப்பை நூற்றைம்பது.

சங்கத்து அலமாரியில்
எவர்சில்வர் டம்ளர் எட்டு டஜன் இருக்கிறது.
மூன்று வருடமாகக் காகிதம்.
கழுவ ஆள் இல்லை என்று
கணக்கில் காரணம் எழுதியிருக்கிறேன்; என் கையெழுத்து.
அந்த வருடம்தான் மூலனூர்ப் பக்கமிருந்து
நாலு பேர் புதிதாய்ச் சேர்ந்தார்கள்.
அவர்கள் சந்தாவும் இந்தச் செலவும்
ஒரே பக்கத்தில் இருக்கின்றன.
சேர்த்துப் படித்ததில்லை.

என் பேரைச் சொல்லி அழைத்துவிட்டார்கள்.
மைக்கின் உயரம் எனக்குச் சரியாக இல்லை.
ரசீதை மடித்துப் பையில் வைத்தேன்.
முதலில், மழைக்கு நன்றி, என்றேன்.
அப்புறம் என்ன சொன்னேன் என்பதற்கு
கோப்பு எதுவும் இல்லை.