நாற்பத்து மூன்றாம் பக்கம்

புதுவயலில் பாதிப் பேர்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
ஆதார் எடுக்க வந்தவன்
அப்படித்தான் போட்டுவிட்டுப் போனான்.
நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.
பிறந்த வருசம் நாலு எண்,
அதுவே ரகசிய எண்.

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், பட்டா, சிட்டா, கரண்டு பில்.
இழுப்பறையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு.
யார் வீட்டு கேஸ் மானியம்
யார் கணக்கில் போய் விழுகிறது,
யாருடைய ஜிமெயில் எந்த மருமகன் பெயரில்,
எல்லாம் அதில்.
"எங்களுக்கு எதுக்கும்மா, நீயே வச்சிக்க" என்று
தந்துவிட்டுப் போன
முந்நூற்றுச் சொச்சம் எண்களும்.
பூட்டு வாங்கியவர்கள்
சாவியை என் ஆணியில் மாட்டிப் போனார்கள்.

இருளாயி அக்கா நாற்பத்து மூன்றாம் பக்கம்.
ரைஸ் மில் களத்தில்
அவிச்ச நெல்லைக் காலால் கிண்டுகிறவள்.
சாக்குத் தைத்துத் தைத்து ரேகை போன விரல்.
கைரேகை மிசின் மூன்று முறை மாட்டேன் என்னும்.
"நான் நான்தான்னு
இதுக்கு எத்தன தடவ சொல்றது?"

போனில் அவளுக்கு இரண்டே வேலை.
பச்சையைத் தொட்டால் பேச்சு,
சிவப்பைத் தொட்டால் மிச்சம்.
கற்றுத் தருகிறேன் என்றேன், நாலு வருசமாய்.
பள்ளிக்கூடத்தில் டிஜிட்டல் வகுப்பு நடத்தி
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.
பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

ஐப்பசியில் அவள் மகன் முனீஸ் வந்தான்.
"அம்மா பின் நம்பர் கேக்கச் சொல்லுச்சு."
பிரிண்டரில் தாள் சிக்கியிருந்தது.
தலை நிமிராமல் சொன்னேன்.
போனஸ் ஒன்பதாயிரத்து இருநூறு
அன்று சாயங்காலமே
காரைக்குடியில் ஒரு பைக்குக்கு முன்பணம் ஆனது.

மூன்றாம் நாள் வந்தாள், முடியெல்லாம் தவிடு.
திட்டட்டும் என்று நின்றேன்.
கடையில் ஆள் காலியாகும்வரை காத்திருந்து
"அத மாத்துறது எப்படின்னு மட்டும் சொல்லு" என்றாள்.

அரை மணி நேரம்.
திரை அவள் விரலை ஒப்பவில்லை.
எச்சில் தொட்டாள், ஒப்பியது.
பழைய எண் என்ன என்று கேட்டது.
நான்தான் வாசித்துச் சொன்னேன்.
புதிய எண் என்ன என்று கேட்டதும்
அவள் என்னைப் பார்த்தாள்.
பிறகு திரும்பி
சுவர்ப் பக்கம் குனிந்து
முந்தானைக்குள் போனை மூடிக்கொண்டு,
பஸ்ஸில் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் மாதிரி,
நாலு முறை தொட்டாள்.
மறுபடி நாலு முறை.

நான் காலண்டரில் ராகு காலம் பார்த்தேன்.
வலித்ததா என்றால், வலித்தது.
சிரிப்பும் வந்தது. அதைக் காட்டவில்லை.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடு."
பின்பக்கத்தில் சாத்தப்பன் வீட்டு மின் இணைப்பு எண்,
மகள் மெல்போர்னிலிருந்து கட்டுவது.
அதை வேறு தாளில் எழுதி முடிக்கும்வரை
நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.
எழுத்துக் கூட்டத் தெரியாதவள்.
தாளில் இருந்ததும் செத்துப்போன எண்.
ஆனாலும் நாலாய் மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் முனீஸ் மறுபடி வந்தான்.
"அம்மா கேக்கச் சொல்லுச்சு."
எனக்குத் தெரியாதுப்பா என்றேன்.
இந்தக் கடையில் உட்கார்ந்து
பொய்யில்லாமல் அதைச் சொன்னது
அதுதான் முதல் முறை.

இன்று காலை அதே மில்லிலிருந்து செல்லக்கிளி.
"இருளாயி அக்கா போட்டுச்சாமே,
திரும்பி நின்னு போடுறது,
அத எனக்கும் சொல்லிக் குடு."
இரு, முதலில் போனைத் திறக்கிறேன் என்கிறேன்.
அவள் அதற்குள்
சுவரைப் பார்த்து நிற்கிறாள்.